ஊறுகோழியியல்: மூலமும் உரையும்

பாயிரம்

சூப்பர் மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டியில், பனீருக்கும் பச்சைப்பட்டாணிக்கும் நடுவே, மசாலா தடவிய கோழி பாக்கெட்டாகக் கிடக்கும். தந்தூரி, பெப்பர், 65, செட்டிநாடு எனப் பல பெயர் பெறும் இதனை இந்நூல் ‘ஊறுகோழி’ என வழங்கும். வெட்ட வேண்டாம், அரைக்க வேண்டாம், ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் அடுப்பில் ஏற்றிவிடலாம் என்பது விற்போர் கொள்கை. அதனை ஆராய்தல் நூல் நுதலிய பொருள். நூல் வழங்கும் எல்லை, வடக்கே ஃப்ரிட்ஜும் தெற்கே சிங்க்கும். கேட்போர், வேலைநாள் இரவில் ‘இன்னைக்கு என்ன?’ என்ற வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டோர்.

நூற்பா 1: உப்பே உட்புகும், ஒழிந்தவை புறத்தே.

உரை: நெடுநேரம் ஊறினால் மசாலா எலும்புவரை இறங்கும் என்பது வீட்டு வழக்கு. அஃது உப்புக்கே பொருந்தும். நீரில் கரையும் உப்பு தசைக்குள் மெல்ல மெல்லப் புகும். மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைவன. நீர் மிகுந்த கறிக்குள் அவை அதிகம் செல்லாமல் மேலேயே தங்கும். தயிர், எலுமிச்சையின் புளிப்பும் மேற்பரப்பை இளக்குவதோடு சரி. அளவுக்கு மிஞ்சினால் மேற்பகுதி குழையும். ஆகவே பாக்கெட்டில் நாள்கணக்கில் கிடந்த கோழி பெற்ற ஆதாயம் பெரும்பாலும் உப்பின் ஆதாயமே.

அற்றாயின், வாணலியில் போட்டபின் கைப்பழக்கத்தில் இன்னொரு சிட்டிகை உப்புத் தூவினால் என்னை எனின், புகுந்த உப்பைத் திரும்ப அழைக்க வழியில்லை என்க. ‘ரெண்டு உருளைக்கிழங்கு போட்டா சரியாகிடும்’ என்பார் கூற்று குழம்பின்பாற் படும், வறுவலுக்கு ஆகாது.

நூற்பா 2: கழுவலும் ஆகா; கழுவாமையும் ஆகா.

உரை: கடைக்கறியை மஞ்சள்தூள் போட்டு, தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அலசுவது நம் சமையலறையின் முதல் விதி. உணவுப் பாதுகாப்பு வல்லுநரோ இதனை மறுப்பர். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்தால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் முதலிய கிருமிகள் நீரோடு தெறித்துப் பக்கத்திலுள்ள தட்டிலும் டம்ளரிலும் ஏறும். அவற்றைக் கொல்வது நீரன்று, நெருப்பே. கறியின் நடுப்பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் போதும் என்பர். இவ்விரு மதத்தாரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் பாராது வாழ்ந்தனர். ஊறுகோழி வந்து இருவரையும் ஒரே சிங்க்கில் மோதவிட்டது. கழுவினால் காசு கொடுத்த மசாலா சாக்கடைக்குப் போகும். கழுவாவிட்டால் அம்மா தட்டைத் தொடமாட்டார்.

‘கழுவாமலா போட்ட?’

‘கழுவித்தாம்மா பேக் பண்றாங்க.’

‘நீ பாத்தியா?’

இதற்கு மகன் விடை கூறாது பாக்கெட்டைத் திருப்பி, பின்புறத்துப் பொடி எழுத்தைக் காட்டுவான். அது நூலை நம்பி நிற்கும் உரையளவை. அம்மாவோ காட்சியளவை ஒன்றையே ஒப்பும் உலகாயதர். அளவை வேறுபட்டோர் வாதம் முடிவதில்லை என்பது தருக்க நூலார் துணிபு. கோழி ஆறிப்போவது அதன் பயன்.

நூற்பா 3: எடை மூவகைத்தே.

உரை: கோழிக்கடையில் உயிர் எடை, உரித்த எடை என இரண்டே உண்டு. ஊறுகோழி ‘தடவிய எடை’ என மூன்றாவதைத் தந்தது. பாக்கெட்டில் 500 கிராம் என்றால் தயிரும் எண்ணெயும் மசாலாவும் அதனுள் அடக்கம். சேர்மானப் பட்டியலில் எடை மிக்கது முன்னும் குறைந்தது பின்னுமாக எழுதுவது சட்டம். கோழிக்கு அடுத்து நிற்பது யார் என்று பார்த்தால் எதற்குக் காசு கொடுத்தோம் என்பது விளங்கும். இனி, மொத்தத்தையும் ஒரே வாணலியில் கொட்டினால் அது நீர் விட்டு, வறுபடப் போனது வெந்து எழும். இரண்டு ஈடாகப் போட்டால் வறுபடும், நேரமும் இரட்டிக்கும்.

நூற்பா 4: இரவு ஏழாயினும் இயைவன சிலவே.

உரை: ‘வேலைநாள் இரவுக்கு எளிது’ என்பது மேலைநாட்டார் வகுத்த இலக்கணம். 1923இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்பார் 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவர் திருப்பி அனுப்பாமல் கறிக்கென்றே வளர்த்து விற்றார். பிராய்லர்த் தொழிலின் தொடக்கமாக அதனையே சொல்வர். விருந்துக்கிழமையில் மட்டும் வந்துகொண்டிருந்த கோழி, அத்தொழில் வளர வளர எல்லாக் கிழமைக்கும் இறங்கி வந்தது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தேறும் பல்லடத்துப் பண்ணைக் கோழியும் அவ்வழித் தோன்றலே.

ஆயின் கோழிக்கு நாள் கிழமை இல்லை, நமக்கு உண்டு. செவ்வாய் முருகனுக்கு, வியாழன் பாபாவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. வேலைநாளில் எஞ்சுவன திங்களும் புதனும். சோமவாரம் இருப்போர்க்குத் திங்களும் இல்லை. மிஞ்சிய புதன், அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் எதனோடும் மோதாதிருத்தல் வேண்டும். புரட்டாசியும் மாலை போடும் கார்த்திகையும் இக்கணக்கிற்கே வாரா. எல்லா விலக்கும் எல்லார்க்கும் இல்லையே எனின், அப்பாவுக்குச் சனி, அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும், அக்காவுக்கு வியாழன் என்று ஒரு கூரையின்கீழ் கூட்டிப் பார்க்க, தொகை அதுவே. இஸ்லாமியர் இல்லத்திலும், தவக்காலம் ஒழிந்த நாளில் கிறித்தவர் இல்லத்திலும் இந்நூற்பா செல்லாது.

பாக்கெட்டுக்கும் ஒரு காலண்டர் உண்டு. உறையவைக்காமல் குளிரில் மட்டும் வைத்து விற்பது சில நாளே தாங்கும். புதன் இரவு ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று உள்ளே தள்ளிய பாக்கெட், வியாழன் வெள்ளி சனி கடந்து, ஞாயிறு காலை கடைசித் தேதியோடு வெளிவரும். அதே வேளையில் அப்பா தூக்குப் பையில் நாட்டுக்கோழியோடு வாசலில் நிற்பார்.

துணிபு

வீட்டிலேயே தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிசைவது ஐந்து நிமிட வேலை. அதில் அரியது, காலையில் பல் துலக்கும்போதே இரவுச் சாப்பாட்டை நினைப்பது. ஊறுகோழிக் கம்பெனி நமக்கு விற்பது கோழியும் அன்று, மசாலாவும் அன்று, அந்த முன்யோசனையை. ஆனால் வாங்கிய முன்யோசனையைச் செலவழிக்க, காலண்டரைப் புரட்டும் இன்னொரு முன்யோசனை வேண்டியிருக்கிறது. அதனை யாரும் பாக்கெட்டில் அடைப்பதில்லை.

நூற்பா 5:
வாங்கிய அன்றே வாணலி ஏற்றுக;
உப்பும் குழாயும் ஒருங்கே தவிர்க்க.

உரை: ‘அன்றே’ என விதந்து ஓதியதனான், வாங்கி வந்தபின் திதி பார்த்தல் விலக்கப்பட்டது. ‘வாணலி’ என்றது ஏர் ஃபிரையர்க்கும் உபலக்கணம். அம்மாவுக்குத் தனியே ஆம்லெட் போடுதல் உரையிற் கோடல்.