அசெம்பிள் அங்கிள்

பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, போர்டை ஒரு கடையிலும் ராமை எதிர்க்கடையிலும் பேரம் பேசி வாங்கி 200 ரூபாய் மிச்சம் பிடித்தாராம். ஆட்டோ செலவு அந்தக் கணக்கில் வராது. கேபினெட்டின் பக்கத் தகடு வாங்கிய அன்றே பரணுக்குப் போய்விட்டது. "எப்படியும் திறக்கத்தானே போறோம்?"

அவருடைய கம்ப்யூட்டரில் சத்தம் வந்துவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, சீரியல் ஊமைப்படம். பழைய காலண்டர் தாளைச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் வைப்பார். சந்தேகம் வந்தால் சுழலும் ஃபேனின் நடுக்குமிழில் மெல்ல விரல் வைத்து நிறுத்திப் பார்ப்பார். பிராசஸர் ஃபேன் விடுதலை. கேபினெட் ஃபேன் விடுதலை. "அப்போ கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்தான்!"

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போட வந்தவர் மாட்டிக்கொள்வார். பாவம், அவருக்கு வேண்டியது ஓடிபி. கிடைப்பதோ பாடம். "காலையில ஆன் பண்ணா கரகரன்னுட்டு, கொஞ்ச நேரத்துல அடங்குதா? ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் காய்ஞ்சு போச்சு. சூடேறினா இளகும். கேம் போட்டா மட்டும் கீச்சுனு வருதா? அது ஃபேனே இல்ல, காயில் அதிர்வு. அதுக்கு எண்ணெய் விட்டா எண்ணெய்தான் தண்டம்."

மனிதர் அசட்டுத் துணிச்சல்காரர் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே ஓட்டிக் கேட்பார். அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்க மாட்டார். "பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல உட்கார்ந்திருக்கும்."

"ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று வீட்டம்மா கெஞ்சி, கடைசியில் புதுசும் வந்தது. மாட்டினார். ஆன் செய்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. காலண்டர் குழலை வைத்தார். ஊஹூம். முகம் வெளிறிப்போய்க் கடைக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஃபேன் சுத்தவே இல்லையே!"

"லோடு கம்மியா இருந்தா சுத்தாது சார். மாடலே அப்படித்தான்."

போனை வைத்த வேகத்தில் பேரனைக் கூப்பிட்டார். "டேய், அந்த கார் ரேஸ் கேமைப் போடுடா. ஃபுல் கிராபிக்ஸ் வை."

மறுநாள் பையனுக்குக் கணக்குப் பரீட்சை.