சனியைக் காட்டுகிறேன், வாருங்கள்

சனி பகவான் சன்னதியில் நேருக்கு நேர் நின்று கும்பிடக் கூடாது, சற்று விலகி நிற்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர் பெரியம்மா. அந்தப் பெரியம்மாவையே 2025 புரட்டாசி முதல் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தொலைநோக்கியைக் காட்டி, “இதுல கண்ணை வச்சு சனியைப் பாருங்க” என்றேன். அன்றைக்கு விரதம் வேறு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவன் நம்மளப் பார்க்கக் கூடாதுன்னுதாண்டா எள்ளு விளக்குப் போடுறோம். நாமளே போயி அவனை எட்டிப் பார்க்கணுமா?”

நான் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. மறுநாள் மகாளய அமாவாசை, அதனால் நிலாத் தொந்தரவு கிடையாது. சூரியனுக்கு நேர் எதிரே சனி வந்து, பூமிக்கு மிக அருகில் பளிச்சென்று நிற்கிற நேரமும் அதுதான். எங்கள் ஊர் ஏரியூரில் தெருவிளக்கைத் தாண்டி நட்சத்திரம் தெரிய இன்னும் இடமிருக்கிறது. இவ்வளவும் பார்த்துத்தான் தெருவில் பதினான்கு பேரை அழைத்திருந்தேன். ஒன்றை மட்டும் பார்க்க மறந்துவிட்டேன். சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை சனியின் வளையம் நமக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டும். சாப்பாட்டுத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் ஓரம் மட்டும் கோடாகத் தெரியுமே, அப்படி. அந்த ஆண்டு, சரியாக 2025.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த சனியின் படத்தைக் கைப்பேசியில் காட்டித்தான் கூட்டம் சேர்த்திருந்தேன். தொலைநோக்கியில் தெரிந்ததோ ஒரு மஞ்சள் பொட்டும், அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடும். “எலுமிச்சம்பழத்துல ஊசி குத்தின மாதிரி இருக்கு” என்றான் பக்கத்து வீட்டுப் பையன். “அங்கேயும் திருஷ்டிக்குக் கட்டித் தொங்க விட்டிருக்கானா?” என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா படியிறங்கிப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் பஜ்ஜிக்காக இருந்தார்கள்.

அந்தத் தொலைநோக்கி ஆன்லைனில் வாங்கியது. அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எண்ணைக் கண்டால் நம்பிவிடுகிற ஆள் நான். உள்ளே இருந்த ஆடி 76 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் கணக்கு. 150 மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகாது, மங்கல்தான் பெரிதாகும். இதைப் படித்தது பணம் கட்டிய பிறகு. முக்காலியோ தெருவில் டெம்போ போனாலும் ஆடும், நான் மூச்சு விட்டாலும் ஆடும். சனியைக் கண்ணாடிக்குள் பிடித்து நிறுத்தி அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குள் பூமி சுழன்று, சனி ஓரமாக நழுவிவிடும். ஏழாவதாக வந்தவர் பார்த்துப் பரவசப்பட்டது செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கை. நான் திருத்தவில்லை. அன்று இரவு முழுக்கப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது 2022 ஜூலையில். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வெளிப் படம் வந்தது. கையை நீட்டி விரல் நுனியில் ஒரு மணல் துகளை வைத்தால் அது எவ்வளவு வானத்தை மறைக்குமோ, அவ்வளவுதான் அந்தப் படத்தில் இருக்கும் இடம். அதற்குள் ஆயிரக்கணக்கில் விண்மீன் மண்டலங்கள். நடுவில் இருக்கும் கொத்திலிருந்து ஒளி கிளம்பி 460 கோடி ஆண்டு ஆகிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதை முதலில் போட்டவன் நான். அந்த நிறங்கள் அப்படியே கண்ணுக்குத் தெரியும் என்றும் எழுதினேன். வெப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. நிறம் பிறகு நாம் கொடுப்பது. அதையும் நான் திருத்தவில்லை.

கிடைத்த கைதட்டல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதே ஜூலை கடைசியில் எத்தியென் க்ளைன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான ப்ராக்சிமா செந்தாரியை வெப் எடுத்த படம் என்று ஒன்றைப் போட்டார். சிவப்பாக, வெள்ளைப் புள்ளிகளோடு கொதித்துக்கொண்டிருந்தது. ‘நம் பக்கத்து வீட்டுச் சூரியன்!’ என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினேன். அது சோரிசோ என்னும் ஸ்பெயின் நாட்டுப் பன்றிக்கறி சாசேஜில் வெட்டிய ஒரு வில்லை. க்ளைன் விளையாட்டுக்குச் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டார். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் ஊர்க் குழுவில் பன்றிக்கறி போட்ட நான் யாரிடம் கேட்பது? மச்சினன் மட்டும் ஒரு வரி எழுதினான்: “மாமா, இது வறுவலா, குழம்பா?”

படத்தைப் பார்ப்பது வேறு, உற்றுப் பார்ப்பது வேறு. 2019இல் சந்திரயான் 2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் விழுந்து நொறுங்கிய பிறகு, நாசா வெளியிட்ட நிலவுப் படங்களில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு அதன் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்தது. எல்லோருக்கும் கிடைத்த அதே படத்தை நானும் இறக்கினேன். எனக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி கிடைத்தது. துணியால் துடைத்ததும் போய்விட்டது.

பொறுமையும் எனக்குக் கிடையாது. 1995 டிசம்பரில் ஹப்பிளை சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத ஒரு கறுப்பு மூலையைப் பார்த்துப் பத்து நாள் திருப்பி வைத்தார்கள். அந்த மூலையில் சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. வெப் தன் முதல் ஆழ்வெளிப் படத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஒளி சேர்த்தது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைத் தேடி நான் நின்றதில் என் சாதனை பதினொரு நிமிடம். கொசு கடித்தது, கழுத்து வலித்தது, உள்ளே டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

காவலூர் வானாய்வு மையத்துக்கும் போனேன். ஏரியூரிலிருந்து தருமபுரி, திருப்பத்தூர், ஆலங்காயம் என்று பஸ் மாறி மாறி ஜவ்வாது மலை ஏற வேண்டும். ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றாக 1986இல் திறக்கப்பட்ட 93 அங்குலக் கருவி அங்கே இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர்தான் மையத்துக்கு. 1988இல் வானியலாளர் ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான், எந்த மாதம் போகலாம் என்று யாரையும் கேட்கவில்லை. தீபாவளி விடுமுறை கிடைத்ததே என்று ஐப்பசியில் போனேன். வடகிழக்குப் பருவமழை கொட்டியது. அன்று பார்வையாளர் நாளும் இல்லை. குடையோடு வாசல் பலகை அருகே ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். அதிலும் பலகை பாதிதான் விழுந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘விண்வெளியில் மனித குலத்தின் எதிர்காலம்.’ உங்கள் பேரப்பிள்ளைகள் ப்ராக்சிமா பக்கம் போய்ப் பொங்கல் வைப்பார்கள் என்று முழங்கினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். வாயேஜர் 1 விண்கலம் எவ்வளவு வேகம், அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று என்னிடமே கேட்டுக் குறித்துக்கொண்டாள். நொடிக்கு 17 கிலோமீட்டர், நாலேகால் ஒளியாண்டு. பலகையில் பெருக்கி வகுத்தாள். எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் வந்தது. “இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒரு தலைமுறைன்னா கிட்டத்தட்ட மூவாயிரம் தலைமுறை சார். எந்தப் பேரப்பிள்ளை?”

மனிதன் அண்டத்தை ஆளப்போகிறான் என்கிற பேச்சை அன்றோடு விட்டேன். இன்னும் ரொம்ப காலத்துக்கு எட்டித்தான் பார்க்கப்போகிறோம். நன்றாகப் பார்த்தால் அதுவே எனக்குப் போதும்.

அன்று அந்தப் பெண்ணின் கேள்வியைச் சமாளிக்க, தொலைவைப் பார்ப்பது பழசைப் பார்ப்பது என்று இருபது நிமிடம் விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: “மேட்டூர் அணையில தண்ணி இறங்கினா பண்ணவாடியில முழுகின நந்தி தெரியுமே, அந்த மாதிரியா சார்?” நாகமரை பரிசல் துறையிலிருந்து நானும் எத்தனையோ முறை பார்த்த நந்திதான். 1934இல் அணை கட்டி முடித்ததிலிருந்து தண்ணீருக்குள் இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த உவமையை என்னுடையதாகவே சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தப் பையன் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

சனியின் வளையம் மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது. 2032இல் முழுதாக விரிந்து நிற்கும். அந்தச் சமயம் ஏரியூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பஜ்ஜி உண்டு. வரும்போது ஆடாத முக்காலி ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள்.