தலை விழுந்தால் ‘ஆம்’

சங்கடமான கேள்விக்கு மனிதர் வாய்கூசாமல் பொய் சொல்வார் என்பதைப் புள்ளியியல் 1965இல் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஸ்டான்லி வார்னர் முன்வைத்த முறையில், பதில் எதைக் குறிக்கிறது என்று கேட்பவருக்கே தெரியாது.

அதன் எளிய வடிவம் பூவா தலையா. கேள்வி ‘லஞ்சம் வாங்கியதுண்டா?’ என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்பவர் மறைவாக நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால், லஞ்சம் வாங்கினாரோ இல்லையோ, ‘ஆம்’ என்றே சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையை. 100 பேரில் 65 ‘ஆம்’ வந்தால், சுமார் 50 நாணயத்தின் பங்கு. பூ விழுந்த 50 பேரில் 15, அதாவது 30 விழுக்காட்டினர், கை நீட்டியவர்கள். யார் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. மதிப்பீடு தள்ளாடாமல் நிற்க ஆளும் நிறைய வேண்டும்.

தென்கொரியாவின் தேகுவில் 2011இல் நடந்த உலகத் தடகளப் போட்டியில், இதே குடும்பத்து முறையொன்றால் வீரர்களிடம் ஊக்கமருந்து பற்றிக் கேட்டார்கள். முந்தைய ஓராண்டில் எடுத்தவர்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு என்று வந்தது. பரிசோதனையில் சிக்குவோரோ வழக்கமாக ஓரிரு விழுக்காடு. சிறுநீர்க் குப்பிக்கு அவ்வளவு பெருந்தன்மை. அந்த 44 விழுக்காட்டுக் கணக்கு அச்சேற ஆறு ஆண்டு பிடித்தது.

முறைக்கு ஓட்டையும் உண்டு. தலை விழுந்த பிறகும், செய்யாத தப்புக்கு ‘ஆம்’ சொல்ல மானம் இடங்கொடாமல் ‘இல்லை’ என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் கணக்கில் ஊரின் பாவம் குறைந்துவிடுகிறது.