பழைய எண், புதிய எண்

சென்னை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நங்கநல்லூர், 32 அடி உயர ஆஞ்சநேயரால் பெயர் பெற்ற குடியிருப்புப் பகுதி. அவரைத் தவிர வேறு யாரையும் அங்கே முகவரியை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது சிரமம். சென்னை வழக்கப்படி வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. புதியது மாநகராட்சிக்கு, பழையது தபால்காரருக்கு. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு இரண்டும் உதவாது. “பிள்ளையார் கோயில் தாண்டி, இஸ்திரி வண்டிக்கு எதிர்வீடு” என்றால்தான் வந்து சேருவான். இஸ்திரி வண்டி நான்கு வீடு தள்ளிப்போனால் பாதித் தெரு முகவரி இழக்கும்.

வாசல்கேட்டில் “இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்” என்ற பலகை தொங்கும். பலகைக்காரரின் கார் எதிர்வீட்டு வாசலில் நிற்கும்.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கான குழாய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இந்த ஏற்பாடு தெரியாத மழைநீர்தான் ஐப்பசியில் தெருவிலேயே தங்கிவிடுகிறது. சித்திரையில் அதே தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்.

இவற்றையெல்லாம் கவனிக்கக் குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானத்தைவிடப் போண்டாவுக்கே ஆதரவு அதிகம். செயலாளர் பதவிக்குப் போட்டியே கிடையாது. செயலாளர்மீது புகாருக்குத்தான் பஞ்சமில்லை.