முள் நகர மாட்டேங்குது! (கேள்வி-பதில்)

மதுரை வாசகர்: ஆணழகன் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். பத்து நாளாக எடை 78 கிலோவிலேயே நிற்கிறது. கொழுப்பு கரைவது நின்றுவிட்டதா?

தராசு கொழுப்பை மட்டுமா நிறுக்கிறது? தண்ணீர், உப்பு, நேற்று ராத்திரிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான் காட்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஏறி நின்று குறித்துவையுங்கள். வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பையும் டேப் வைத்து அளங்கள். மூன்று வாரமாக இரண்டுமே அசையவில்லை என்றால் கவலைப்படலாம். பத்து நாளைக்கே பதறினால் உங்கள் கோச்சுக்குத்தான் எடை குறையும்.

ஈரோடு வாசகர்: எல்லாம் அளந்துதான் சாப்பிடுகிறேன். சத்தியமாக!

சத்தியத்தை நம்புகிறேன், அளவை நம்பவில்லை. டயட் பலிக்கவே இல்லை என்று சொன்னவர்களை 1992-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே போனதில் ஏறக்குறையப் பாதி கணக்கிலேயே ஏறவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கோழி நெஞ்சுக்கறியைக் கிராம் கணக்கில் நிறுத்துவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுகிறீர்களா? அந்தக் கண்ணைத்தான் முதலில் டயட்டில் வைக்க வேண்டும்.

கோவை வாசகர்: மெட்டபாலிசம் செத்துவிட்டது, ஆயிரம் கலோரிக்கு இறங்கு என்கிறார் மாஸ்டர்.

செத்திருந்தால் நீங்கள் கடிதம் எழுதியிருக்க முடியாது. மந்தமாகியிருக்கும், அவ்வளவுதான். 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்திருந்தார். உடல் செலவைச் சுருக்கிக்கொண்டது. ஆனாலும் உடல் எடையில் கால்வாசி போனது. கால்களில் நீர் கோத்து வீங்கியதால், போன எடையில் கொஞ்சம் தராசுக்குத் தெரியாமலே இருந்தது. சமையல் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தார்கள் பாவம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் தேவையில்லாமல் அசைவதையே விட்டுவிட்டார்கள். நீங்களும் ஜிம்மில் ஒரு மணி நேரம் புலி. மற்ற நேரமெல்லாம் லிஃப்ட், பைக், சோபா. கலோரியை வெட்டும் முன் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: அடிவயிற்றுக் கொழுப்பு மட்டும் கரைய எத்தனை கிரஞ்சஸ்?

எத்தனை போட்டாலும் வயிற்றுத் தசைதான் வலுக்கும். கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உங்கள் தாத்தா பாட்டி எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

சேலம் வாசகர்: ஒரே ஒரு நாள் வயிறாரச் சோறு. மறுநாள் ஒரு கிலோ ஏறிவிட்டது. போச்சா?

ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றைய செலவுக்கு மேல் ஏறத்தாழ 7700 கலோரி தின்றிருக்க வேண்டும். அண்டாவோடு சாப்பிட்டீர்களா? தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். வந்தது விருந்தாளி, தானே கிளம்பிவிடுவார்.

திருநெல்வேலி வாசகர்: மேடைக்கு முதல் நாள் தண்ணீரை நிறுத்தி, நீர் பிரியும் மாத்திரை போட்டால் 'கட்ஸ்' (தசைக் கோடுகள்) தெரியுமாமே?

வேண்டாம் தம்பி. இதில் எனக்கு விளையாட்டே கிடையாது. முகமது பெனாசிசா பெரிய வீரர். 1992-ல் நெதர்லாந்தில் நடந்த போட்டியை முடித்த கையோடு இறந்துபோனார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996-ல் இறந்தபோது வயது 31. இரண்டு சாவிலும் இந்த மாத்திரையின் பெயர் அடிபட்டது. அது தண்ணீரை மட்டும் இறக்காது, ரத்தத்தில் பொட்டாசியத்தையும் குலைக்கும். பொட்டாசியம் குலைந்தால் இதயம் தாளம் தப்பும். தவிர, தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வற்றவிட்டு மேடையில் எதைக் காட்டப் போகிறீர்கள்? மாத்திரை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும், அன்றைக்கே ஜிம்மை மாற்றுங்கள். கோப்பை வாங்க ஆள் இருக்க வேண்டும்.

வேலூர் வாசகர்: கொழுப்பை எரிக்க டி.என்.பி. என்று ஒரு மஞ்சள் பொடி...

வெடிமருந்துத் தொழிற்சாலைச் சரக்கு அது. 1930-களில் அமெரிக்காவில் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். கண்ணில் புரை விழுந்தது, உயிர்களும் போயின. 1938-ல் தடை வந்தது. உடல் சூடு ஏறினால் இறக்க மாற்றுமருந்து கிடையாது. கொழுப்பும் எரியும், கூடவே நீங்களும்.

திருச்சி வாசகி: போட்டிக்குத் தயாராகிறேன் என்று என் வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து ஓடுகிறார்.

பசி பாதி, தூக்கக் கேடு பாதி. 2010-ல் வெளியான சிகாகோ ஆய்வில் அளவான அதே சாப்பாட்டை இரண்டு விதமாகத் தூங்கவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் எட்டரை மணி நேரம் படுத்தபோதும் ஐந்தரை மணி நேரம் படுத்தபோதும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது கொழுப்பு பாதிகூடக் கரையவில்லை, தசைதான் போனது. இதை அவரிடம் படித்துக் காட்டி அலாரத்தைப் பிடுங்கி வையுங்கள். பட்டுப்புடவை ஏதாவது கேட்க நினைத்திருந்தால், போட்டி முடியும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மேடையிலிருந்து இறங்கி முதல் பிரியாணியை முடிக்கட்டும், பிறகு கேளுங்கள். இரண்டாகவே எடுத்துத் தருவார்.