பக்கத்துத் தாளைப் பார்

கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை முதன்முதலாக வரைய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர் விமானத்தைத்தான் வரைகிறார்கள். கோயில் எதிரே நிற்கிறது, கண் அதையேதான் பார்க்கிறது, ஆனாலும் கை தஞ்சாவூருக்குப் போய்விடுகிறது. காலண்டரிலும் புத்தக அட்டையிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய உருவம் அது. இரண்டு ஓரங்களும் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகளாகச் சாய்ந்து உச்சியில் சேரும். இராசேந்திரன் கட்டியதில் அந்த நேர்கோடு கிடையாது. மூலைகள் உள்வாங்கியிருக்கின்றன. ஓரம் மெல்ல உட்குழிந்து மேலேறுகிறது. தஞ்சாவூரில் தகப்பன் 13 தளம் எழுப்பினான். மகன் 9 தளத்தோடு நிறுத்திக்கொண்டு இந்த வளைவைச் சேர்த்தான். 1035 வாக்கில் முடிந்த கோயில், உயரம் சுமார் 53 மீட்டர். இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வளைவு கைக்குத் தெரியவேண்டுமே, அதற்கு வழி என்ன என்பதுதான் பல வருடமாக என் யோசனை.

நான் படித்தது ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். எழுபதுகளின் கடைசி. வாரத்தில் ஒரு டிராயிங் பீரியட் உண்டு. வாத்தியார் கரும்பலகையில் ஒரு கூஜா போடுவார், நாங்களும் கூஜா போடுவோம். அடுத்த வாரம் பூசணி இலை, அதற்கடுத்த வாரம் கிளி. “டேய், பக்கத்துல பாக்காதடா, பலகையப் பாரு” என்பதுதான் அந்த வகுப்பில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அவர் அன்பான மனிதர். மாலையில் பள்ளி விட்டபிறகும் ஆசையுள்ள பிள்ளைகளை உட்காரவைத்து, அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு ஃப்ரீஹேண்டும் மாடல் டிராயிங்கும் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளப்பதை அவரிடம்தான் கற்றேன். தேர்வு என்றால் ஒருவர் தாள் ஒருவருக்கு, மதிப்பெண்ணும் ஒருவருக்கு. பக்கத்துத் தாளைப் பார்ப்பது காப்பி அடிப்பது. அந்த முறையில் வேறு விதமாக நினைக்க இடமே இல்லை.

கோயில் பஸ்ஸில் போகும் தூரம்தான். மீன்சுருட்டிப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் அது சாமி கும்பிடுகிற இடம். வரைகிற பொருளாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கோயில் ஓவியம் எனக்குப் பத்திரிகை வழியாகத்தான் வந்தது. தெருவில் ஒரு வீட்டில் பழைய ஆனந்த விகடன் இதழ்களிலிருந்து ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். எல்லாம் சில்பி வரைந்தவை. நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். சில்பி என்ற பெயர் ஓவியர் மாலி வைத்தது. கோயில் கோயிலாகப் போய், சிலை முன்னால் உட்கார்ந்து, கண்ணால் கண்டதைக் கோட்டில் கொண்டுவந்தவர். தாளில் தேங்காயெண்ணெய் தடவிக் கண்ணாடிபோல ஆக்கி அந்தப் படங்களின் மேல் வைத்து நான் பிரதியெடுத்தேன். என்னென்ன ஊர்க் கோபுரங்களோ என் நோட்டில் ஏறின. பக்கத்து விமானம் ஏறவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். எந்தப் பிள்ளையின் கையிலும் போன் இருக்கிறது. விமானத்தைத் தலைக்கு மேலிருந்து எடுத்த டிரோன் படங்கள்கூடக் கிடைக்கின்றன. இனி யாரும் பென்சிலைத் தொடமாட்டார்கள் என்று பேசியவர்கள் உண்டு. நடந்தது வேறு. 2007-ல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம், ஊர் ஊராக மக்களைத் தெருவில் உட்கார்ந்து வரையவைத்துவிட்டது. அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒரு வழக்கம்: வரைந்து முடித்ததும் எல்லாரும் தங்கள் நோட்டைத் தரையில் பரப்பிவைத்து, சுற்றி நின்று பார்ப்பார்கள். அதைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலேயே, நாங்கள் இழந்தது இதைத்தான் என்று தோன்றியது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்ப ஆரம்பித்தேன். பள்ளிப் பிள்ளைகள், பாலிடெக்னிக் மாணவர்கள், ஒரு நர்ஸம்மா, ஒரு கொத்தனார் என்று கலவையான கூட்டம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் நாங்கள் செய்துபார்த்ததை விவரமாகச் சொல்லவேண்டும். தென்புறப் புல்வெளியின் ஓரத்தில், விமானம் முழுசாகத் தெரியும் தூரத்தில், எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவோம். அடிப்பீடமான அதிட்டானமும் சுவரும் இருவருக்கு. மேலே ஒவ்வொரு தளமும் ஒருவருக்கு. கழுத்தும் சிகரமும் கலசமும் ஒருவருக்கு. முழு விமானத்தை யாரும் வரையக்கூடாது. அடிச்சுவரின் அகலத்தைப் பென்சிலில் அளந்து அதைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்வோம். அவரவர் தன் தளத்தின் அகலம் அதில் எத்தனை பங்கு, உயரம் எத்தனை பங்கு என்று பார்த்துக் கீற்றுத் தாளில் வரையவேண்டும். மூலையில் கர்ணகூடு, நடுவில் சாலை, இடையில் பஞ்சரம் என்ற சிறுகோயில் வடிவங்கள் எல்லாம் அந்தக் கீற்றுக்குள் அடங்கவேண்டும். அகலத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்கலாம், பார்த்தே ஆகவேண்டும். ஏனென்றால் என் தளத்தின் அடி உன் தளத்தின் தலையில் உட்காரவேண்டும்.

வெயில் ஏறுமுன் கீற்றுகளை வரிசையாக அடுக்கி டேப் ஒட்டினோம். தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றதும் இரு ஓரங்களிலும் அந்த வளைவு வந்திருந்தது. யாரும் வளைவு வரையவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கு அகலத்தைத்தான் வரைந்தார்கள். கீழ்த்தளங்களில் அகலம் சட்டென்று குறைகிறது. மேலே போகப்போகக் குறையும் அளவு சிறிதாகிறது. அதனால்தான் ஓரம் உள்ளே குழிந்து பிறகு நிமிர்கிறது. தளத்துக்குத் தளம் ஒரே கணக்கில் குறைத்திருந்தால் தஞ்சாவூரின் நேர்கோடு வந்திருக்கும். தனியாக எத்தனை நாள் முறைத்துப் பார்த்தாலும் பிடிபடாத இந்தக் கணக்கு, ஒட்டிய தாளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தளம் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி அளக்கப் போனாள்.

ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. தஞ்சைக் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைச் சொல்கிறது. கூடவே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் பெயர்களையும் சொல்கிறது. ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமல் இப்படி ஒரு கட்டடம் எழும்புமா?

கொத்தனாரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அவர் வரைந்ததைவிட எங்களுக்குக் காட்டியது அதிகம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751-ல் வாலிகண்டபுரம் போரைப் பார்த்த கோட்டை. அகழி, மட்டத்துக்கு மட்டம் ஏறும் மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள் என்று அதன் உருவமே வேறு. கோயிலில் பழகிய கைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நேர்க்கோடும் அங்கே கிடைக்காது. பிள்ளைகள் கொத்தளத்தைச் செங்குத்தாக, நட்டுவைத்த டப்பாவாக வரைந்துகொண்டிருந்தார்கள். கொத்தனார் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நூலைக் கண்ணெதிரே தொங்கவிட்டார். “இங்க வா கண்ணு. நூல் நேரா நிக்குது, செவுரு பாரு எங்க போவுதுன்னு” என்றார். சுவர் மேலே போகப்போக நூலைவிட்டு விலகி உள்ளே சாய்ந்தது. “ஏன் தாத்தா சாய்ச்சுக் கட்டினாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். “உள்ள மண்ணு தள்ளும்ல? நேரா கட்னா வெளிய பிதுங்கிடும்” என்றார். அன்றைக்கு வரைந்த கொத்தளங்கள் எல்லாமே பூமியில் ஊன்றி நின்றன.

அந்தக் கோட்டையில் இன்னொன்றும் செய்துபார்த்தோம். கோடே போடாமல், நிழல் விழுந்த இடத்தை மட்டும் அடுப்புக்கரியால் நிரப்புவது. வெயில் பட்ட கல்லை வெள்ளைத் தாளாக விட்டுவிடுவது. முக்கால்வாசிப் பேருக்குக் கரிப்பூச்சுதான் மிஞ்சியது. நர்ஸம்மாவின் தாளில் மட்டும் அகழியின் ஆழம் வந்திருந்தது. எப்படி வந்தது என்று எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். டீ டிகாக்‌ஷனில் தூரிகையை நனைத்துப் பழைய கல்லின் நிறம் பிடிக்கவும் முயன்றோம். காய்ந்தபிறகு வெளிறிவிடுகிறது, இரண்டு முறை பூசவேண்டும். புதிதாக வருகிறவர்களைக் கீழையூர் இரட்டைக் கோயிலுக்கு முதலில் அழைத்துப் போவது என் பழக்கம். பழுவேட்டரையர் காலத்துச் சிறு விமானங்கள். கழுத்து வலிக்காமல் உச்சிவரை பார்த்து முடிக்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்து மதிலை மட்டும் இன்னும் வரைய முடியவில்லை. அதன் கற்கள் 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது எடுத்துச் செல்லப்பட்டவை. இருக்கும் எச்சத்தை ஒரு முனையிலும், கல் போய்ச் சேர்ந்த அணைக்கரையை மறு முனையிலும் வைத்து ஒரே நீளத் தாளில் வரையலாம் என்று அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்தான் சொன்னாள். தாள் சுருள் வாங்கியாகிவிட்டது. ஆளுக்கு எத்தனை முழம் என்று பிரிப்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. அணைக்கரையில் நிழல் கிடையாது, காலை ஆறு மணிக்கே போய்விடவேண்டும் என்கிறார் கொத்தனார்.