கழித்தல் கணக்கில் ஒரு கேம்பர்

(இடம்: சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி. மேசையில் இரண்டு கோப்பி, ஒரு வரைபடம். தம்பி கண்டுபிடிப்பாளர், அண்ணன் எதற்கும் கணக்குப் பார்ப்பவர்.)

தம்பி: அண்ணே, இதைப் பாருங்கள். இருவர் தங்கக் குட்டியாக, எடை குறைவாக ஒரு கேம்பர். படுக்கை, அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு சின்ன வேனுக்குள். கனவு என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் அருண் பிரபு என்ற இளைஞர் ஓர் ஆட்டோவின் மேல் ஆறடிக்கு ஆறடி வீடு கட்டிக் காட்டிவிட்டார். சமையலறை, கழிப்பறை, கூரையில் சூரியத் தகடு, 250 லிட்டர் தொட்டி என்று எதையும் விடவில்லை. செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். 2021ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவே அதைச் சமூக ஊடகத்தில் பாராட்டினார். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

அண்ணன்: தாராளமாக முடியும், நாணயம் மட்டும் மாறும். அவர் ஒரு லட்சம் ரூபாயில் வீடே கட்டினார். இங்கே 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவின் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளிக்குப் போனது. அந்தப் பணத்துக்குக் கார் வராது, பத்து ஆண்டு கார் வைத்துக்கொள்ளும் உரிமைதான் வரும். பத்து ஆண்டில் 3,650 இரவு. தினமும் வண்டியிலேயே தூங்கினாலும் இரவுக்கு 41 வெள்ளி. நீ ஆண்டுக்குப் பத்து இரவுதான் முகாம் போவாய் என்றால் இரவுக்கு 1,500 வெள்ளி. அந்தக் காசுக்கு மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலில் அறை எடுத்து, அதற்குள்ளே கூடாரம் விரித்துப் படுக்கலாம். இன்னொன்றும் கேள். வெளிநாட்டில் பதிவான மோட்டார் வீட்டை, கேரவனை இந்தத் தீவுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கவே அனுமதி கிடையாது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சியைப் பூஜ்யத்தில் நிறுத்திவைத்திருக்கும் ஊரில், வீட்டுக்கே சக்கரம் மாட்டப் பார்க்கிறாயே!

தம்பி: நீங்கள் சொன்னதிலேயே வழி இருக்கிறது. காசு தின்பது சக்கரம் என்றால் சக்கரத்தைக் கழித்துவிடுவோம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951ல் இதைத்தான் செய்தது. போருக்குப் பிந்தைய காலம். ஒரே வண்டி வேலைக்கும் உதவ வேண்டும், விடுமுறைக்கும் உதவ வேண்டும். அதனால் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் தூக்கி வைக்கவும் இறக்கவும் கூடிய ஒரு பெட்டியை விற்றார்கள். வாரநாளில் சரக்கு வண்டி, வார இறுதியில் படுக்கை வண்டி. அருண் பிரபு தம் வீட்டை ஆட்டோவோடு சேர்த்ததும் ஆறே போல்ட்டில்தான். கழற்றினால் ஆட்டோ பழையபடி ஓடும். இரண்டிலும் வண்டி வேறு, வீடு வேறு. இங்கே அந்தப் பிரிவுக்கு இன்னும் நல்ல காரணம் உண்டு. இருக்கைகளைக் கழற்றினாலும் கட்டமைப்பை மாற்றினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் போய் நிற்க வேண்டும். இருக்கையை மடக்கிப் பின்னால் ஒரு பெட்டியை வைத்தால் அது வெறும் மூட்டைமுடிச்சு.

அண்ணன்: மூட்டைமுடிச்சுதான், ஆனால் உன் மூட்டையில் அந்த ஆட்டோ வீட்டைப் போல 250 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் கால் டன். எடை குறைந்த கேம்பர் என்று பெயர் வைத்துவிட்டு நான்கு பேரின் எடையைத் தொட்டியில் ஏற்றுகிறாய். அதோடு விடுவாயா? முகாமில் தோசை வேண்டும் என்று கிரைண்டர், மழை வந்தால் வேண்டும் என்று துணி காயவைக்கும் மூங்கில் கழி, அவசரத்துக்கு என்று முஸ்தஃபா கடையில் பாதி. எளிமையாக வாழப் புறப்படுகிறவர்கள்தான் கடையில் நீளமான பட்டியலோடு நிற்கிறார்கள்.

தம்பி: தொட்டி போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆட்டோ வீடு நெடுநாள் குடியிருக்க. அதற்குப் பெரிய தொட்டி நியாயம். இரண்டு இரவுக்கு 20 லிட்டர் போதும். கழிப்பறையும் போகட்டும். சமையலை வெளியே தள்ளுவோம். 1930களில் அமெரிக்காவில் பரவிய கண்ணீர்த்துளி வடிவ இழுவண்டிகளில் அடுப்பு பின்கதவுக்குக் கீழேதான். உள்ளே தூக்கம், வெளியே நின்று சமையல். நிற்கும் உயரம் தேவையில்லாமல் போனதால்தான் அவை அவ்வளவு சிறியவை. பெட்டியின் அளவுக்கு நம் எம்ஆர்டி ரயிலில் மடக்கு மிதிவண்டிக்கு வைத்திருக்கும் எல்லையையே கடன் வாங்குகிறேன்: 120, 70, 40 சென்டிமீட்டர். 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் செய்தால் கூடு ஏறக்குறைய 16 கிலோ. தண்ணீர், அடுப்பு, மெத்தை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பயணியின் எடைக்குள் அடங்கும்.

அண்ணன்: அந்தப் பயணி வேர்த்துக் கொட்டுவாரே, அதற்கு என்ன வழி? ஜெர்மனியில் குளிருக்குப் போர்வை போதும். இங்கே நள்ளிரவிலும் 25 பாகை, காற்றில் அத்தனை ஈரம். கண்ணாடியை மூடினால் வெந்துவிடுவாய், திறந்தால் கொசு. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாம் என்றால், நிற்கும் வண்டியின் இன்ஜினை ஓடவிடுவதே இங்கே குற்றம்.

தம்பி: உங்கள் கேள்விகளிலேயே கனமானது இதுதான்; இதிலும் கழித்தல்தான் உதவுகிறது. சின்ன ஏசிகூட 300 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 2,400 வாட்மணி. அதற்கான பேட்டரி மட்டும் பெட்டியின் கூட்டைவிடக் கனம். 20 வாட் விசிறி பத்து மணி நேரம் சுற்றினாலும் 200 வாட்மணிதான். கையில் தூக்கும் பேட்டரி போதும். சன்னலுக்கு வெளியே மாட்டும் கொசுவலை சில நூறு கிராம். ஏசி சுகம் கிடைக்காது, உண்மை. ஆனால் அந்தச் சுகத்தைக் கேட்டவுடன் பேட்டரி வளரும், பேட்டரிக்காகப் பெட்டி வளரும், பெட்டிக்காக வண்டி வளரும், கடைசியில் உங்கள் 150,001 வெள்ளிக்கே வந்து நிற்போம். எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்தால்தான் இது கேம்பர்.

அண்ணன்: சரி, எங்கே போய் நிறுத்துவாய்? ஈஸ்ட் கோஸ்ட்டிலும் பாசிர் ரிஸ்ஸிலும் தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கிக் கூடாரம் போடலாம். ஆனால் கூடாரம் புல்லில், வண்டி நிறுத்துமிடத்தில். இரண்டுக்கும் நடுவே உன் கண்டுபிடிப்பு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். மலேசியாவின் ஜோகூர்ப் பக்கம் போகலாம் என்றால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல் கட்டாயம், அந்தப் பக்கத்துக்கு நுழைவு அனுமதி, கடற்பாலத்தில் வரிசை. ஒரு கிலோமீட்டர் பாலத்தைக் கடப்பதற்குள் முதல் இரவு முகாம் அங்கேயே முடிந்துவிடும்.

தம்பி: அப்படியானால் பாலத்திலேயே ஒரு பயன் நிரூபணம் ஆயிற்று. அண்ணே, பெட்டி வண்டியோடு ஒட்டாதது என்பதால்தான் உங்கள் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது. பூங்காவில் பெட்டி வெளியே வந்து கூடாரத்துக்குச் சமையல் மேசையாகும். ஜோகூரின் தேசாருவில் வண்டிக்குள்ளேயே கட்டிலாகும். சொந்தக் கார் இல்லாதவர் வார இறுதிக்கு வாடகைக் காரில் ஏற்றலாம். மலேசியா போக அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. அப்போது சிஓஇ செலவு அந்த இரண்டு நாள் வாடகைக்குள் ஒரு துளியாகத்தான் வரும். நிலமும் வண்டியும் அருமையான ஊரில் கேம்பர் இரண்டையும் சொந்தம் கொண்டாடக் கூடாது. இரண்டையும் கொஞ்ச நேரம் இரவல் வாங்கத் தெரிந்தால் போதும்.

அண்ணன்: மீதி ஐந்து நாள் பெட்டி எங்கே இருக்கும்? வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விடவில்லை என்று தீயணைப்பு விதியைக் காட்டுவார்கள்.

தம்பி: 40 சென்டிமீட்டர் உயரம், அண்ணே. கால் உயர்ந்த கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அண்ணன்: ஆக, வேனைக் கழித்தாய், தொட்டியைக் கழித்தாய், கழிப்பறையையும் ஏசியையும் கழித்தாய். மிஞ்சியது ஓர் அலமாரி.

தம்பி: 1951ல் அவர்கள் விற்றதும் அதுதான். அலமாரிக்கு சிஓஇ கிடையாது.

அண்ணன்: மெதுவாகச் சொல் தம்பி. காதில் விழுந்தால் அதற்கும் மாதம் இரண்டு முறை ஏலம் வைத்துவிடுவார்கள்.